மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றபோது

அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் கணவர், முழங்கால் வலிக்கும் செவித்திறன் குறைவுக்குமான ஊனப் பலன்கள் மறுக்கப்பட்டதை எதிர்த்து முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்துக்குச் சென்றிருந்தார். எட்டாவது மாதத்தில், காது பற்றிய கோரிக்கையை மட்டும் திரும்பப் பெறுவதென இருவரும் முடிவு செய்தோம். புதிய செவிப் பரிசோதனை அறிக்கை கையில் இருந்ததால், வாரியத்தில் காத்திருப்பதைவிட அதை இணைத்துத் துணைக் கோரிக்கை (புதிய ஆதாரத்துடன் மறுபடி பரிசீலிக்கக் கேட்கும் விண்ணப்பம்) தாக்கல் செய்வதே விரைவான வழியாகத் தோன்றியது.

தொலைபேசியில் சொன்னால் போதும் என்றார் ஒருவர். அது தவறு. விசாரணையின்போது பதிவில் சொல்வதைத் தவிர, படைவீரரின் பெயர், கோப்பு எண், எந்தக் கோரிக்கை கைவிடப்படுகிறது என்ற விவரம் ஆகியவற்றுடன் எழுத்து மூலமே தெரிவிக்க வேண்டும். அது வாரியத்துக்குக் கிடைத்த நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிடும். கடிதத்தில் 'முழங்கால் தொடர்கிறது' என்ற வரியை என் கணவர் இரண்டு முறை அடிக்கோடிட்டார். அந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் படியிறங்குவதை நாள்தோறும் பார்ப்பவள் நான்.

என்னை உறங்கவிடாதது தேதிதான். மறுப்பு முடிவு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் துணைக் கோரிக்கை போய்ச் சேர்ந்தால், பலன் பழைய கோரிக்கைத் தேதியிலிருந்தே கணக்கிடப்பட வாய்ப்புண்டு. ஓராண்டு கடந்த பின் மேல்முறையீட்டைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குபவர், பொதுவாக அந்த இடைக்காலத் தொகை முழுவதையும் இழந்துவிடுவார். ஆகவே திரும்பப் பெறும் கடிதம், துணைக் கோரிக்கை என இரண்டு உறைகளையும் ஒரே நாளில் அஞ்சலில் சேர்த்தோம்.