தீவனத்திலிருந்து ஆன்டிபயாடிக்கை எடுத்த அனுபவம்

பிராய்லர் பண்ணை வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: தினமும் ஆன்டிபயாடிக் கொடுக்காமல் கோழி வளர்க்க முடியுமா, குஞ்சுகள் செத்துப்போகாதா? முடியும். ஆனால் மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் பழையபடியே வைத்திருந்தால் நிச்சயம் சாகும். நாங்கள் அந்த மாற்றத்தைக் கடந்து வந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பண்ணையில் ஆன்டிபயாடிக் மூன்று காரணங்களுக்காகப் போகிறது. நோய் வந்த கோழிக்குச் சிகிச்சையாக. நோய் வந்துவிடுமோ என்று முன்கூட்டியே தண்ணீரில். எடை கூடுவதற்காகச் சிறு அளவில் தீவனத்தில். கடைசி இரண்டையும்தான் நான் நிறுத்தினேன். சிகிச்சையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. மருந்து கையில் இருக்கும்போது துடிக்கும் உயிரைச் சாக விடுவதில் எந்த நியாயமும் இல்லை.

இதில் இறங்கக் காரணம் பண்ணையில் நடந்தது அல்ல, வீட்டில் நடந்தது. மாமியாருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. கொடுத்த மாத்திரை எதுவும் கேட்கவில்லை; மருத்துவமனையில் சேர்த்து ஊசி போட வேண்டியதாயிற்று. கல்ச்சர் பரிசோதனை முடிவை வாங்கிப் பார்த்தேன். மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன, பலவற்றுக்கு எதிரே கிருமி கட்டுப்படாது என்ற குறிப்பு. அந்தப் பெயர்களில் பல எங்கள் பண்ணை அலமாரியில் இருப்பவை, அல்லது அதே வகையைச் சேர்ந்தவை. கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின் உடலுக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. மனிதர்களுக்கு எழுதித் தரும் அதே சிப்ரோஃப்ளாக்சசின். அவருக்கு வந்த கிருமி எங்கள் கொட்டகையிலிருந்து போனது என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் அதற்குப் பிறகு அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் உறுத்தியது.

எங்கள் கால்நடை மருத்துவரிடம் போய்ப் பேசினேன். அவர் ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1976-ல் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவரின் குழு வெளியிட்டது. ஒரு பண்ணையில் கோழித் தீவனத்தில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்திலேயே கோழிகளின் குடலில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் நிறைந்துவிட்டன. சில மாதங்களில் அந்தப் பண்ணையில் வசித்தவர்களின் குடலிலும் அவை கூடின. அவர்கள் யாரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. கொட்டகைக்குள் தினமும் போய்வரும் என் மனைவியையும் வேலைக்கு வரும் இருவரையும் நினைத்துக்கொண்டேன்.

"கடைசி மருந்துக்கும் விற்பனைக்கும் நடுவே சொன்ன நாட்களை விட்டுவிடுகிறோமே, அப்புறம் என்ன சார்?" என்று கேட்டேன். பண்ணைக்காரர்கள் பெரும்பாலோர் கேட்கும் கேள்விதான். அவர் பொறுமையாக விளக்கினார். அந்த இடைவெளி, இறைச்சியில் மருந்து எச்சம் அளவுக்கு மீறி இல்லாமல் பார்த்துக்கொள்வதற்கு. மருந்து கரைந்து போய்விடும். அதைத் தாங்கிப் பிழைத்த கிருமி போகாது. அது கொட்டகைத் தரையில் பரப்பிய கூளத்திலும், கழுவிய தண்ணீரிலும், எரு போட்ட நிலத்திலும், அறுக்கும் பலகையிலும், வேலையாட்களின் கையிலும் இருக்கும். நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பச்சை இறைச்சியைத் தொட்ட கையும் கத்தியும் வேகாது. அதோடு, ஒரு கிருமி தன்னிடம் உள்ள எதிர்ப்பு மரபணுவை வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிட முடியும். கோலிஸ்டின் விஷயத்தில் அதுதான் நடந்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று மனிதர்களுக்கு அதிகம் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்த மருந்து அது. இன்று வேறு எதுவும் கேட்காத தொற்றுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கிறார்கள். அதே மருந்தைப் பன்றிக்கும் கோழிக்கும் டன் கணக்கில் தீவனத்தில் கொட்டியிருக்கிறார்கள். 2015-ல் சீனாவில், அதை எதிர்க்கும், கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் அது இருந்தது. சீனா 2017-ல் கோலிஸ்டினை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதைத் தடை செய்தது. இந்தியா 2019-ல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதையே தடை செய்தது.

சரி, இனி வேலைக்கு வருகிறேன்.

நிறுத்த வேண்டுமென்றால் எது எதில் மருந்து போகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இது எளிது என்று நினைத்தேன், இல்லை. தண்ணீரில் கலப்பது நம் கையில் இருக்கிறது. தீவனத்தில் பிரீமிக்ஸாக, அதாவது முன்கூட்டியே கலந்த சத்து, மருந்துக் கலவையாக வருவது மூட்டையில் எப்போதும் தெளிவாக இருக்காது. தீவனம் தருபவரிடம் எழுதிக் கேட்டேன். "எல்லாரும் போடுவதுதானே அண்ணே, இதையெல்லாம் எதற்கு நோண்டுகிறீர்கள்?" என்றார். விடாமல் கேட்டுப் பட்டியலை வாங்கினேன். 'வளர்ச்சி ஊக்கி' என்ற பெயரில் இருந்த இரண்டு பொருட்களும் ஆன்டிபயாடிக்தான். அவை இல்லாத தீவனத்தைத் தனியாக அரைத்துத் தரச் சம்மதிக்க வைக்கவே சில வாரங்கள் ஆயின.

எல்லாக் கொட்டகையிலும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டர். ஒரு கொட்டகையில் தொடங்கினோம், பக்கத்துக் கொட்டகை பழைய முறையிலேயே ஓடியது. யாருக்கும் இதையே சொல்வேன். ஒப்பிட ஒன்று இருந்தால்தான், வந்த சாவு மருந்தை நிறுத்தியதால் வந்ததா, வெயிலால் வந்ததா என்று தெரியும்.

அதிக உழைப்பு தண்ணீரில்தான் போனது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. தொட்டி பளிச்சென்று இருந்தது. குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டால் வழவழவென்று பாசிபோல ஒரு படலம். வைட்டமின் மருந்துகளும் சர்க்கரைச் சத்தும் அதே குழாயில் போகப் போக அந்தப் படலம் தடித்துக்கொண்டே இருக்கும், கிருமிகள் அதற்குள் பத்திரமாக வாழும். ஒரு பேட்ச், அதாவது ஒன்றாக வளர்த்த ஒரு தொகுதிக் கோழிகள், விற்று முடிந்து கொட்டகை காலியாக இருக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு ஊறவைத்து, அழுத்தத்தோடு அலசினோம். கோழி இருக்கும்போது குளோரின். அதன் அளவைத் தொட்டியில் பார்த்துப் பயனில்லை, கோழிகள் கொத்திக் குடிக்கும் குழாய் முனைகளான நிப்பிள்களில், வரிசையின் கடைசி நிப்பிளில் பார்க்க வேண்டும். அங்கே 3 முதல் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருந்தால் போதும். தண்ணீரில் உயிர்த் தடுப்பூசி (வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி) கொடுக்கும் நாளுக்கு முன்பே குளோரினை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தடுப்பூசியும் சேர்ந்து செத்துவிடும்.

அடுத்தது கூளம். கையில் அள்ளிப் பிடித்துவிட்டுத் திறந்தால் லேசாக ஒட்டி உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். ஈரம் கூடினால் அம்மோனியா, அம்மோனியா கூடினால் மூச்சுக்குழாய் புண், அந்தப் புண் வழியாக ஈகோலி என்ற பாக்டீரியா. முன்பெல்லாம் இந்தத் தொடரின் கடைசியில் நின்று மருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். இப்போது கசியும் நிப்பிளை அன்றே மாற்றுகிறோம். ஒரு பேட்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு வாரமாவது கொட்டகையைக் காலியாக விடுகிறோம். சதுர அடிக்கு விடும் குஞ்சுகளின் எண்ணிக்கையையும் குறைத்தோம். வருமானத்தில் நேராகக் கை வைத்த முடிவு இதுதான். இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்திருந்தால் நின்றிருக்காது என்பது என் எண்ணம்.

குஞ்சு இறங்கும் முதல் வாரத்தில் என் மனைவிதான் கண்ணுங்கருத்துமாக இருந்தார். குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே கூளம் சூடாகியிருக்க வேண்டும். இறங்கிய மறுநாள் சில குஞ்சுகளைக் கையில் எடுத்துத் தீனிப்பையைத் தடவிப் பார்ப்பார். அநேகமாக எல்லாவற்றுக்கும் நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும். காலியாக இருந்தால் குளிரோ, தண்ணீர் எட்டாததோ காரணம்.

இவ்வளவும் செய்தும் அடி விழுந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு பக்கத்துக் கோழிகள் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நின்றன, எச்சத்தில் செரிக்காத தீவனம். டாக்டர் செத்ததை அறுத்துக் காட்டினார். குடல் காற்றடைத்து உப்பியிருந்தது, உட்புறம் துவாலை மாதிரி சொரசொரப்பு. கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவால் வரும் குடல் அழுகல். மருந்து கொடுப்பதற்கு முன்பே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினார், கொடுத்த பிறகு எடுத்தால் கல்ச்சர் சரியாக வளராது என்பதால். பென்சிலின் வகை மருந்து ஒன்றை முழு அளவில், முழு நாட்களுக்கு, அந்தக் கொட்டகைக்கு மட்டும் கொடுத்தோம். சாவு நின்றது. விற்பனையை மருந்துக்கு உரிய நாட்கள் முடியும்வரை தள்ளிப்போட்டோம். வாங்குபவர் கோபப்பட்டார், சமாளித்தோம்.

காரணத்தையும் தேடினோம். அந்தப் பக்கம் கூளம் ஈரமாக இருந்தது. தீவனத்தில் மீன்தூள் கூடியிருந்தது. செரிக்காமல் தங்கும் புரதம் இந்தக் கிருமிக்கு நல்ல உணவு. இன்னொன்று, ரத்தக்கழிச்சல் கிருமி குடலைக் கீறிவிட்டால் இது எளிதாக நுழையும். அதனால் அடுத்த பேட்சிலிருந்து ரத்தக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்ட குஞ்சுகளை எடுத்தோம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தத் தடுப்பூசி வேலை செய்யக் கூளத்தில் கொஞ்சம் ஈரம் வேண்டும். ஒரேயடியாக உலரவிட்டாலும் ஆகாது. அந்த அளவு பிடிபட எங்களுக்குக் காலம் ஆயிற்று.

எடை முதலில் சற்றுக் குறைந்தது உண்மை. பிறகு இரு கொட்டகைகளுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. தீவன ஆன்டிபயாடிக் சுத்தம் குறைந்த இடத்தில்தான் பெரிதாகப் பலன் காட்டும். சுத்தமான கொட்டகையில் அதற்கு அதிக வேலை இல்லை. சுவீடன் 1986-லேயே வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கை நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-ல் நிறுத்தியது, அங்கே இன்றும் கோழி வளர்கிறது. 2022 முதல் அங்கே வழக்கமாக, முன்கூட்டியே கொடுப்பதற்கும் தடை. இதையெல்லாம் தீவனக்காரரிடம் சொன்னபோதுதான் அவர் வாதத்தை நிறுத்தினார்.

உலகம் முழுக்க 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இதில் கால்நடைகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். மனிதர்களுக்கு மருந்தைத் தேவையில்லாமல் கொடுப்பதும் பெரிய காரணம். ஆனால் என் கையில் இருப்பது என் கொட்டகைதான்.

இப்போது எல்லாக் கொட்டகைகளும் தினசரி மருந்து இல்லாமல் ஓடுகின்றன. மிச்சம் இருப்பது குஞ்சுப் பொரிப்பகம். குஞ்சு நம்மிடம் வருவதற்கு முன்பே முட்டையிலோ முதல் நாளிலோ ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்புவது உண்டு. கனடாவின் கியூபெக்கில் பொரிப்பகங்கள் 2005-ல் செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாடிக் ஊசியைத் தாமாகவே நிறுத்தியபோது, அந்த வகை மருந்துகளுக்கு அடங்காத, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி கோழியிலும் மனிதர்களிடமும் குறைந்தது. 2007-ல் ஓரளவு திரும்பத் தொடங்கியதும் மறுபடி கூடியது. எங்களுக்குக் குஞ்சு தருபவரிடம் எந்த ஆன்டிபயாடிக் ஊசியும் போடவில்லை என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். அடுத்த பேட்சுக்குத் தனித் தட்டுகளில் பொரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் குஞ்சுகள் வந்ததும் முதல் வாரச் சாவையும் எடையையும் மற்றக் கொட்டகைகளோடு ஒப்பிட்டுக் குறித்துவைப்பேன். கேட்பவர்களுக்கு அந்தக் குறிப்பேட்டைக் காட்டவும் தயார்.