ஊரார்முன் கணக்கு வைத்த ஐந்து ஆண்டுகள்

புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள எங்கள் ஊராட்சிக்கு 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வெற்றி பெற்று, 2020 ஜனவரி 6 அன்று தலைவராகப் பொறுப்பேற்றேன். 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் நிறைவடைந்தது. அந்த ஐந்தாண்டுகளில் சாலை போட்டோம், ஊருணி தூர்வாரினோம், குழாய் பதித்தோம். எல்லா ஊராட்சிகளிலும் நடப்பவைதான் அவை. எந்தப் பணி எந்த நிலையில் இருக்கிறது, எதற்கு எவ்வளவு வந்தது, எது ஏன் நின்று போனது என்பதை மக்கள் முன் எழுந்து நின்று சொல்வதற்கு ஒரு முறை வேண்டும் என்பதும், அந்த முறையை உருவாக்க எத்தனை படிகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பதும் இதுவரை யாரும் எனக்கு எழுதித் தராத செய்திகள். அடுத்து வரப்போகும் தலைவர்களுக்கும், கிராம சபையில் கேள்வி கேட்க விரும்புவோருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் கலந்துகொண்ட முதல் கிராம சபையே நான் தலைமை ஏற்று நடத்தியதுதான். பொறுப்பேற்ற இருபது நாள்களில், அதாவது 2020 ஜனவரி 26 அன்று, அது நடந்தது. அன்று வாசிக்கப்பட்ட அறிக்கை முந்தைய நிர்வாகக் காலத்துக்கு உரியது. ஊராட்சிச் செயலர் அதை வேகமாக வாசித்து முடித்தார். தொகைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. கூட்டத்தில் அமர்ந்திருந்த பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. ‘பொது நிதிச் செலவினம் இவ்வளவு’ என்று ஒரே வரியில் சொன்னால், தன் தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்ற கேள்விக்கு அதில் விடை எங்கே இருக்கிறது?

அதன்பின் கொரோனா வந்தது. தொடர்ந்து பல கிராம சபைகள் ரத்து செய்யப்பட்டு, 2021 அக்டோபர் 2 அன்றுதான் மீண்டும் கூடினோம். முதலமைச்சர் அன்று மதுரை மாவட்டம் பாப்பாபட்டி கிராம சபையில் கலந்துகொண்டதால், எங்கள் ஊரிலும் அந்த நாளைப் பற்றிய எதிர்பார்ப்பு கூடியிருந்தது. இடைப்பட்ட காலம் வீணாகவில்லை. கணக்குகளைப் படிக்க எனக்கு அந்த மாதங்கள் உதவின. சொல்லப்போனால், அந்த அவகாசம் இல்லாமல் எந்தப் புதிய தலைவரும் முதல் ஆண்டிலேயே தெளிவான அறிக்கை வைத்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

ஊராட்சியின் பணம் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. கணக்கு எண் 1 என்பது பொது நிதி. வீட்டு வரி, மாநில நிதிக்குழு மானியம் முதலியவை அதில் சேரும். கணக்கு எண் 2-இல் வருவது மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டணம் செலுத்துவதற்கான பணம்; அதை எடுத்து ஒரு பல்பு கூட வாங்க இயலாது. கணக்கு எண் 3 திட்டங்களுக்கு உரியது. இவற்றோடு மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியம் தனியாக வந்தது. 2021-22 முதல் அந்த மானியத்தில் நூறு ரூபாய் வந்தால், அறுபது ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டியிருந்தது. மீதி நாற்பது ரூபாய்தான் ஊரின் பிற தேவைகளுக்கு. இதை விளக்காமல் மொத்தத் தொகையை மட்டும் வாசித்தால், ‘இவ்வளவு பணம் வந்தும் எங்கள் தெருவுக்கு ரோடு போடவில்லையே’ என்று கேட்பார்கள், அப்படிக் கேட்பது நியாயமும்கூட. ஆகவே 2021 அக்டோபர் கூட்டத்துக்கு, எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, அதில் எதை எதற்குச் செலவிடலாம், எதற்குச் செலவிடக் கூடாது என்பதை ஒரு பெரிய ஃபிளக்ஸ் பலகையில் எளிய தமிழில் அச்சிட்டு, கூட்டம் தொடங்குவதற்கு முன்பே மேடையருகே கட்டி வைத்தோம். வரவு செலவைப் பலகையில் வைக்க வேண்டும் என்பது அரசின் அறிவுரையிலேயே உள்ளதுதான். பலகையைப் படிக்க முடியாதவர்களுக்காக, ஒவ்வொரு வரியையும் நானே நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். செயலர் வாசிப்பதும் தலைவர் வாசிப்பதும் ஒன்றல்ல. காசோலையில் துணைத் தலைவரோடு சேர்ந்து கையொப்பமிட்டவர் நான் என்பதால், கேள்வி என்னிடம் வருவதே முறை.

பெண் தலைவர் என்பதால் தொடக்கத்தில் சிலர் கேள்வியை என் கணவரை நோக்கி எழுப்பினார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் ஐம்பது விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பிறகும் இந்தப் பழக்கம் பல ஊர்களில் நீடிப்பதைக் கண்டு வருந்துகிறேன். என் கணவர் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து, ஊராரில் ஒருவராக மட்டுமே இருந்தார். தொகைகளை நானே சொன்னதும், அடுத்த கூட்டத்திலிருந்து கேள்விகள் நேராக என்னிடம் வந்தன.

பணிகளின் நிலையைச் சொல்லும், அறிக்கையின் இரண்டாம் பகுதிதான் உண்மையில் கடினமானது. ஒரு பணியை ‘நடைபெற்று வருகிறது’ என்று சொல்லிவிடுவது மிக எளிது. அந்தச் சொல்லுக்குள் ஓராண்டுத் தாமதத்தையும் ஒளித்து வைத்துவிடலாம். கிராம சபைத் தீர்மானம், ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகப் பதிவு, ஒப்பந்ததாரருக்கான பட்டியல் தொகை என்று ஒவ்வொரு பணியும் நீண்ட வரிசையைக் கடக்கிறது. இந்த வரிசையில் ஒவ்வொரு பணியும் எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதச் சொல்லி, முடிந்தவை, நடப்பவை, நின்றவை என மூன்று பத்திகளாகப் பிரித்தோம். மூன்றாவது பத்தியை எழுத வேண்டாம் என்று என்னிடம் அன்போடு எடுத்துச் சொன்னவர்கள் பலர். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்களின் கவலை. ஆனால் எங்கள் ஊரில் நின்றிருந்த பணிகள் நகர்ந்ததற்கு அந்தப் பத்திதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒரு சான்று சொல்கிறேன். குக்கிராமம் ஒன்றில் புதிய மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டி முடிந்தும், மோட்டாருக்கு மின் இணைப்பு கிடைக்காததால் தண்ணீர் ஏறவில்லை. மக்களுக்குத் தெரிந்தது தொட்டி நிற்கிறது, தண்ணீர் வரவில்லை என்பது மட்டுமே. ஊராட்சிதான் திறக்காமல் வைத்திருக்கிறது என்று நினைத்தார்கள். இணைப்புக்கு விண்ணப்பித்த நாள், பணம் கட்டிய நாள், நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பிய நாள்கள் எல்லாவற்றையும் நின்றவை பத்தியில் எழுதி வாசித்தேன். ‘அப்ப இத எங்ககிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாம்ல ஆத்தா’ என்று ஒரு மூதாட்டி கேட்டார். அந்தக் கூட்டத்திலேயே இணைப்பை விரைந்து வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேறியது. தீர்மான நகலோடு அந்தக் குக்கிராமத்துப் பெண்களே என்னுடன் அலுவலகத்துக்கு வந்தார்கள். தனி ஆளாகத் தலைவர் போய் நிற்பதற்கும், தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே போய் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று பார்த்தேன். அடுத்த கிராம சபைக்குள் தொட்டியில் தண்ணீர் ஏறியது.

அளவுப் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேவர் பிளாக் பதித்த ஒரு தெருவின் நீளத்தை நான் வாசித்தபோது, அந்தத் தெருவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் எழுந்து, அவ்வளவு நீளம் இருக்காது என்றார். மறுநாள் ஓவர்சியர், வார்டு உறுப்பினர், அந்த இளைஞர் மூவரும் இருக்கும்போது டேப் பிடித்து அளந்தோம். கடைசி வளைவில் கற்கள் பதிக்கப்படவே இல்லை. தொகை வழங்கப்படும் முன்னரே இது தெரிந்ததால், ஒப்பந்ததாரர் மீதிப் பகுதியைப் பதித்த பிறகே பட்டியல் தயாரானது. நீளம், அகலம், மதிப்பீட்டுத் தொகை மூன்றையும் கூட்டத்தில் வாசிக்காமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிய வந்திருக்காது.

நூறு நாள் வேலையைப் பற்றிய கேள்விகளே எல்லாக் கூட்டங்களிலும் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டன. 2022-23-இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் ஊதியம் 281 ரூபாய். ஆனால் செய்த வேலையின் அளவைக் கொண்டே ஊதியம் கணக்கிடப்படுவதால், பலருக்கு வங்கிக் கணக்கில் அதைவிடக் குறைவாக ஏறியது. அந்தப் பணம் ஊராட்சியின் கை வழியாக வருவதே இல்லை என்பதையும், அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் விளக்குவதற்காகவே கூட்டத்தில் தனி நேரம் ஒதுக்கினேன். 2023 ஜனவரி முதல் ஒரு நாளில் இரு முறை புகைப்படத்துடன் வருகை பதிய வேண்டும் என்ற விதி வந்தபோது, சிக்னல் கிடைக்காத கண்மாய்க்கரையில் பணித்தளப் பொறுப்பாளர்கள் பட்ட சிரமத்தையும் அறிக்கையில் சேர்த்தோம். அது ஊராட்சியால் தீர்க்கக்கூடியது அன்று. இருந்தும் தீர்மானமாகப் பதிவு செய்து மேலே அனுப்பினோம்.

ஊராட்சியின் அதிகாரம் எதுவரை என்பதையும் ஒவ்வொரு முறையும் தயங்காமல் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் பெரிய கண்மாயைத் தூர்வாரச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார்கள். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருணியில்தான் ஊராட்சி நேரடியாகக் கை வைக்க முடியும். வரத்துக்கால்வாயில் ஆக்கிரமிப்பு இருந்தால் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகவே அளந்து அகற்ற வேண்டும். இந்த எல்லைகளைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் மக்கள் மனுக்களைச் சரியான இடத்துக்கு எழுதத் தொடங்கினார்கள்.

கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் இந்தப் பணியின் பகுதியே. எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை மூவாயிரத்துக்கு மேல் என்பதால், குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்த அளவு, இருநூறு பேர். முன்பெல்லாம் தண்டோரா போட்டுச் சொல்வார்கள். 2022 ஆகஸ்டில் அரசு தண்டோராவுக்குத் தடை விதித்தது. ஒரு சமூகத்தாரையே அந்த வேலையில் நிறுத்தி வைத்திருந்த வழக்கம் ஒழிந்ததில் எனக்கு மிகுந்த நிறைவு. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தோம். கூட்டப் பொருளோடு, எந்தத் தெருவின் எந்தப் பணி பற்றிப் பேசப்போகிறோம் என்பதையும் சொன்னோம். தன் தெருவின் பெயர் ஒலிபெருக்கியில் வந்தால் மக்கள் வருவார்கள். 2022-இல் கிராம சபைகள் ஆண்டுக்கு ஆறாக உயர்ந்து, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்தபோது, இடத்தையும் மாற்றி மாற்றி வைத்தோம். மதத் தலங்களின் வளாகத்தில் நடத்தக் கூடாது என்பது விதி. அதுவரை ஒருமுறைகூடக் கிராம சபை நடந்திராத ஆதிதிராவிடர் குடியிருப்பில், மரத்தடியில் பந்தல் போட்டு ஒரு மார்ச் 22 கூட்டத்தை நடத்தினோம். மற்ற தெருக்காரர்கள் வருவார்களா என்று சிலர் ஐயப்பட்டனர். வந்தார்கள். மயானப் பாதை அன்றுதான் முதன்முறையாகத் தீர்மானத்தில் ஏறியது. ஏனெனில் அந்தப் பாதையில் நடந்துதான் எல்லோரும் பந்தலுக்கு வர வேண்டியிருந்தது.

நிகழ்ச்சிகளைப் பற்றிய பகுதியைச் சுருக்கமாகவே வைத்தோம். தடுப்பூசி முகாம், மருத்துவ முகாம், கால்நடை முகாம், தூய்மைக் காவலர்களுக்கு நவம்பர் 1 அன்று செய்த சிறப்பு ஆகியவற்றில் நடந்த நாளையும் பயன்பெற்றோர் எண்ணிக்கையையும் மட்டும் சொன்னோம். பொன்னாடை போர்த்திய படங்களைப் பலகையில் ஒட்டவில்லை.

தீர்மானப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். வெற்றுப் பக்கத்தில் முதலிலேயே கையொப்பம் பெற்றுவிட்டு, தீர்மானத்தைப் பின்னர் எழுதிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு; அது மக்களின் கையொப்பத்தை இழிவுபடுத்துவது என்பேன். வருகைக்குத் தனிப் பதிவேடு வைத்தோம். தீர்மானங்களை அங்கேயே எழுதி, உரக்க வாசித்து, அதன்பின் கையொப்பம் பெற்றோம். மதிய வெயிலில் அது நேரம் எடுக்கும். வீட்டில் அடுப்பு காத்திருக்கும். எனினும் பெண்கள் இருந்து வாசிப்பைக் கேட்டுவிட்டே சென்றார்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக, முந்தைய தீர்மானங்களில் எதற்கு என்ன பதில் வந்தது, எதற்கு வரவில்லை என்பதை வாசித்தோம்.

பதவிக்காலம் முடிந்ததும் ஊராட்சி தனி அலுவலர் பொறுப்புக்குச் சென்றது. பதிவேடுகளை ஒப்படைத்தபோது மூன்றாம் பத்தியில் இன்னும் சில பணிகள் மிச்சமிருந்தன; ஊருணியின் கீழ்க்கரைச் சுவர் அவற்றில் ஒன்று. அதன்பின் நடந்த கிராம சபையில் ஊராரோடு அமர்ந்து, அந்தச் சுவரின் மதிப்பீடு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டேன். கேள்வி பதிவேட்டில் ஏறியிருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்பவர் முதல் வாரத்திலேயே மூன்று கணக்குகளின் வங்கிப் புத்தகங்கள், நடப்புப் பணிகளின் மதிப்பீட்டு நகல்கள், தீர்மானப் பதிவேடு, கடைசித் தணிக்கை அறிக்கை ஆகியவற்றைச் செயலரிடம் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். படிப்பதில் புரியாத இடங்களை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளுக்கான அலுவலரிடம் எழுத்து மூலமாகக் கேட்டால், பதிலும் எழுத்தாகவே கிடைக்கும். அந்தப் பதிலை அப்படியே கிராம சபையில் வாசிக்கலாம்.