களிம்பு ஏறாத வாள்

1965-ல் சீனாவின் ஹூபே மாகாணத்தில் ஒரு பழங்கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே, மர உறைக்குள் ஒரு வெண்கல வாள். 2,400 வருஷம் தாண்டியும் களிம்பு ஏறவே இல்லை என்னுமளவுக்குப் பளபளப்பு! "யூவே மன்னன் கோஜியன் தனக்கெனச் செய்த வாள்" என்று எட்டே எழுத்தில் பொறித்திருக்கிறது. (யூவே, பழங்காலச் சீனாவில் இருந்த ஓர் அரசு.)

மன்னனை விடுங்கள், எனக்கு வியப்பெல்லாம் வார்த்தவர்கள் மேல்தான். வெண்கலத்தில் செம்போடு சேரும் வெள்ளீயம் கூடினால் விளிம்பு கூராகும், ஆனால் வாள் ஒடியும். குறைந்தால் வளையும். அதனால் அக்காலத்து வாள்கள் சிலவற்றில் வெள்ளீயம் குறைந்த நடுத்தண்டை முதலில் வார்த்து, வெள்ளீயம் கூடிய விளிம்புகளை அதன்மேல் இரண்டாவதாக வார்த்திருக்கிறார்கள். என்ன கை, என்ன பொறுமை!

இந்த வாளின் பிடிக்குமிழில் ஒன்றுக்குள் ஒன்றாக 11 வட்டங்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வாள் இப்போது வூஹான் நகரிலுள்ள ஹூபே மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருமுறையாவது அதன்முன் போய் நிற்க வேண்டும்.