பெயர் எழுதிய பரிசு

டிசம்பர் மாதத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக மொத்தமாகப் பொம்மைகள் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வருவதிலும் ஒரு நிறைவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பெயரும் வயதும் தெரிந்த ஒரே ஒரு குழந்தைக்கென்று தேடித் தேடி வாங்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்கு அது ஈடாகாது என்பது என் அனுபவம்.

இந்த எண்ணம் புதியதன்று. 1979-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பைச் சேர்ந்த ஒரு தம்பதியர், வசதியற்ற குழந்தைகளின் தேவைகளை வாழ்த்து அட்டைகளில் எழுதி, ஒரு வணிக வளாகத்திலிருந்த கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டார்கள். கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கோர் அட்டையை எடுத்து, அந்தக் குழந்தைக்கு வேண்டியதை வாங்கித் தந்தார்கள். ‘ஏஞ்சல் ட்ரீ’ என்று பெயர்பெற்ற அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

நண்பர்கள் சிலர் சேர்ந்து நாங்களும் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து அப்படித்தான் சீட்டுகள் வாங்கிக்கொள்கிறோம். சீட்டைப் படிப்பதே தனி அனுபவம். காலணி கேட்ட ஒரு சிறுவன், தன் அளவை எழுதிவிட்டு, அதற்கு ஓர் எண் பெரியதாக இருந்தால் அடுத்த ஆண்டும் போட்டுக்கொள்ளலாம் என்று கீழே சேர்த்திருந்தான். பொம்மை கேட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் சிறியவர்கள். பதின்மூன்று, பதினான்கு வயதைத் தொட்டவர்கள் எதையும் கேட்கத் தயங்குகிறார்கள். கொடுப்பவர்களும் பஞ்சடைத்த கரடியை எளிதாக வாங்கிவிடுகிறோமே தவிர, வளர்ந்த பிள்ளைக்கு என்ன வாங்குவது என்று யோசிப்பதில்லை. கைக்கடிகாரம், நல்ல தோள்பை, பந்து, வண்ணப் பெட்டி என்று அவர்களுக்கும் ஆசைகள் உண்டு; யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பரிசுகளைப் பிரிக்கும் நாளில் நாங்கள் பின்வரிசையில் நின்றுகொள்வோம். ஒருமுறை ஒரு சிறுமி, மற்றவர்களைப் போல வண்ணத்தாளைக் கிழிக்காமல், ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் மெல்லப் பெயர்த்து, தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அட்டையில் இருப்பது தன் பெயர்தானா என்று மறுபடியும் பார்த்துவிட்டே பெட்டியைத் திறந்தாள். அதை வாங்கியவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அன்று முழுவதும் அவர் முகத்தில் சிரிப்பு மாறவேயில்லை.

இந்தச் சிரிப்பை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள், தின்பண்டத்தைத் தாங்கள் பெற்றபோதைவிட ஒரு கைப்பாவைக்குக் கொடுத்தபோது கூடுதலாக மகிழ்ந்தார்கள் என்றும், அதைத் தங்கள் சொந்தப் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது அந்த மகிழ்ச்சி இன்னும் மிகுந்தது என்றும் பதிவுசெய்தார்கள்.

எந்தப் பரிசு யாரிடமிருந்து வந்தது என்று குழந்தைகளுக்குச் சொல்வதில்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு முன்னோடியான புனித நிக்கோலஸ், நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மைரா நகரின் ஆயராக இருந்தவர். மகள்களுக்குத் திருமணம் செய்துவைக்க வழியற்ற ஒரு தந்தையின் வீட்டுக்குள் இரவோடு இரவாகப் பொற்காசுப் பையை எறிந்துவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய மரபுக்கதை. பெற்றுக்கொண்டவர் கொடுத்தவர் முன் கூசி நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதே எனக்கு அதில் பிடித்த பகுதி. பரிசைக் கையில் கொடுத்துக் குழந்தையோடு புகைப்படம் எடுத்துக்கொள்பவர்கள் (அவர்களின் நல்ல மனத்தை நான் ஐயப்படவில்லை) அந்தக் கூச்சத்தைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

டிசம்பரில் குவிகிற பரிசுகள் ஜனவரி பிறந்ததும் நின்றுபோகின்றன என்பது இல்லப் பொறுப்பாளர்கள் சொல்லும் குறை. அதனால் இந்த ஆண்டு சீட்டில் பிறந்தநாளையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம். எனக்கு வந்த சீட்டுக்குரிய பையனின் பிறந்தநாள் ஜூலையில் வருகிறது. கால்பந்து கேட்டிருக்கிறான், காற்றடிக்கும் பம்பையும் அப்போதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.