ஆசானின் குதிகால்

எங்கள் கராத்தே ஆசான் மறைந்து நாற்பது நாள் ஆகிறது. அவருடைய கறுப்புப் பட்டையைச் சட்டமிட்டு மாட்டலாம் என்கிறார்கள். கறுப்பு தேய்ந்து வெள்ளை நூல் தெரியும் பட்டை. மாட்டட்டும். எனக்கு அது போதவில்லை.

ஒக்கினாவாவின் கராத்தே முன்னோடி இத்தோசு அங்கோ 1915இல் மறைந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் வகுத்த பினான் என்ற ஐந்து கட்டாக்களை, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர்களை, மாணவர்கள் உடலில் ஏந்திக் காத்தார்கள். அவர்களில் ஒருவரான ஃபுனகோஷி அவற்றை ஹெயான் என்று அழைத்தார். இன்றும் உலகெங்கும் பயில்கிறார்கள்.

குத்தும்போது பின்குதிகால் எழும்பினால் எங்கள் ஆசான் குனிந்து விரலால் தட்டுவார். "குத்து இங்கிருந்து கிளம்புகிறது" என்பார். இப்படி அவர் திருத்திய ஒவ்வொன்றையும் மூத்தவர்கள் கூடிப் படம்பிடிக்கிறோம். நினைவுகள் முரண்பட்டால் இரண்டையும் பதிகிறோம். பழைய காணொளி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அனுப்புங்கள்.

நேற்று ஒரு சிறுமியின் குதிகால் எழும்பியது. என் விரல் தானாகக் கீழே போனது.