பிராவிடன்ஸ் கணக்கேடுகளைத் தேடி: ஓர் ஆய்வு நல்கை பெற்ற அனுபவம்

1787 டிசம்பரில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டிலுள்ள பிராவிடன்ஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ஜெனரல் வாஷிங்டன்' என்னும் கப்பல், மடீரா, சென்னை, புதுச்சேரி வழியாகச் சீனத்தின் கேன்டன் வரை சென்று 1789இல் ஊர் திரும்பியது. விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டின் வணிகர்கள், தங்களுக்குப் பழக்கமில்லாத சோழமண்டலக் கரையில் யாரை நம்பிச் சரக்கை விற்றார்கள், மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த எந்தத் துபாஷியின் வழியாகத் துணி கொள்முதல் செய்தார்கள் என்பதே என் ஆய்வுக் கேள்வி. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பதிவேடுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலேயே பார்த்துவிடலாம். கப்பலை அனுப்பிய பிரவுன் குடும்பத்தாரின் வணிகத் தாள்களோ பிராவிடன்ஸிலுள்ள ஜான் கார்ட்டர் பிரவுன் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே இரண்டு மாதங்கள் தங்கிப் படிக்க, ஆய்வு உதவித்தொகையான நல்கை ஒன்றே எனக்கிருந்த வழி.

முதல் ஆண்டு வேறொரு நூலகத்திற்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டேன். பல மாதங்கள் கழித்து அந்த முன்மொழிவை மீண்டும் படித்தபோதுதான் பிழை விளங்கியது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தைப் பற்றியும் முந்தைய ஆய்வுகளின் குறைகளைப் பற்றியும் இரண்டு பக்கங்கள் எழுதியிருந்தேன். அந்த நூலகத்தில் எந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறேன் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. தேர்வுக் குழுவினர் முதலில் கேட்பது, இவர் ஏன் இங்கே வந்துதான் படிக்க வேண்டும் என்பதையே. ஒவ்வொரு நூலகத்தின் சேகரிப்பும் வேறு. 1812இல் ஐசையா தாமஸ் என்னும் அச்சகர் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் நிறுவிய நூலகமான அமெரிக்கத் தொல்பொருள் கழகம் (American Antiquarian Society), பழைய செய்தித்தாள்களுக்கும் துண்டு நூல்களுக்கும் ஈடற்ற இடம். ஆனால் என் கேள்விக்கு வேண்டியவை கணக்கேடுகளும் கப்பல் கடிதங்களும்.

ஆகவே இரண்டாம் முறை, பிரவுன் குடும்ப ஆவணங்களின் விளக்கப் பட்டியலை மூன்று வாரங்கள் வரிவரியாகப் படித்தேன். எந்தக் கப்பலின் தாள்கள், எந்த ஆண்டுகள், எந்த வகை ஆவணம் எனக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எதைத் தேடுவேன், அதை எழும்பூர்ப் பதிவேடுகளில் எதனோடு ஒப்பிடுவேன் என்பதையே முன்மொழிவின் பெரும்பகுதியாக எழுதினேன். பரிந்துரைக் கடிதம் தர இசைந்த ஆசிரியர்களுக்கும் அந்த வரைவையே அனுப்பினேன். பொதுவாகப் புகழ்ந்து எழுதாமல், இந்த ஆவணங்களைப் படிக்கும் பயிற்சி எனக்கு உண்டு என்று அவர்கள் எழுதியது பெரிதும் துணைநின்றது என்று உறுதியாக நம்புகிறேன்.

நீண்ட கால நல்கைகளில், அமெரிக்க அரசின் மனிதப்பண்பியல் துறைகளுக்கான தேசிய அறக்கொடையின் (NEH) பணத்தில் வழங்கப்படுபவை, அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே மூன்றாண்டுகள் வசித்த வெளிநாட்டவர்க்கும் மட்டுமே உரியவை. இதை அறியாமல் நம்மவர்கள் உழைப்பை வீணாக்குவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். குறுகிய கால நல்கைகள் பலவற்றுக்கு அந்தத் தடை இல்லை.

தேர்வான பின், பரிமாற்றப் பார்வையாளருக்கான ஜே-1 விசா பெறத் தேவையான டிஎஸ்-2019 படிவம் வந்தது. வெளிநாட்டு மாணவர், பார்வையாளர் பதிவு அமைப்பான செவிஸுக்கு 220 டாலர் கட்டணம் செலுத்திச் சென்னைத் துணைத் தூதரகத்தில் ஜே-1 விசா பெற்றேன். நான் கணக்கில் கொள்ளாதது வரி: என்னைப் போல் ஜே விசாவில் செல்பவரின் நல்கைத் தொகையிலிருந்து பொதுவாக 14 சதவீதம் பிடித்துக்கொண்டே மீதியைத் தருவார்கள். விமானக் கட்டணத்தையும் பெரும்பாலும் அதே தொகையிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே வரவு செலவுத் திட்டமொன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

படிப்பறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை. முதல் நாள் காலை, பென்சிலும் தாளுமாக அமர்ந்து, முன்மொழிவில் முதலாவதாகக் குறித்திருந்த 'ஜெனரல் வாஷிங்டன்' தாள்களைக் கேட்டேன்.