கே, ஐ, வை, ஏ, எஃப், கே, அரைப்புள்ளி

பழைய அடையாள அட்டையில் 65561 என்று இலக்கம் தொடங்கினால், அது 1965 மார்ச் முதலாம் திகதி பிறந்த ஒரு பெண்ணுடையது என்று உடனே சொல்லிவிடுவேன். முதல் இரண்டு இலக்கமும் வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எந்த வருடமானாலும் 29 நாள். அது தெரியாமல் எண்ணினால் ஒரு நாள் பிசகும். 2016இலிருந்து வந்த பன்னிரண்டு இலக்க நம்பரிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் முழுசாக வரும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. இலங்கை மலைநாட்டில், தலவாக்கலை டவுனில் ஒரு கொமினிகேஷனில் ஒன்பது வருடம் உட்கார்ந்து படிவம் நிரப்பினால் யாருக்கும் வந்துவிடும்.

கொமினிகேஷன் என்பது வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுத்த காலத்துப் பெயர். இப்போது கோல் எடுக்க யாரும் வருவதில்லை. போட்டோக் கொப்பி, ரீலோட், டைப்பிங், லெமினேட்டிங், இவற்றோடு படிவம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போட், ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதி, பொலிஸ் ரிப்போட் என்று எல்லாமே. சனிக்கிழமை, சம்பள நாள், தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் வாசலுக்கு வெளியேயும் ஆள் நிற்கும். என் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்காருபவர் சேலைத் தலைப்பிலோ சட்டைப் பையிலோ இருந்து ஒரு சிலிசிலி பையை எடுப்பார். அதற்குள் நாலாக மடித்த கடதாசிகள் இருக்கும். மடிப்பு ஓடிய இடத்தில் எப்போதும் ஓர் எழுத்து அழிந்திருக்கும். பெரும்பாலும் அது பெயரில்தான் இருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கடதாசி என்றால் ஒரு பயம் உண்டு. அது சும்மா வந்ததில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நாடில்லாதவர்கள் ஆனோம். அடுத்த வருடம் இன்னொரு சட்டம் வந்து, விண்ணப்பம் போட்டால் தருகிறோம் என்றது. போட்டவர்களில் ஏகப்பட்ட பேருக்குச் சின்னச் சின்னக் குறைகளைக் காட்டியே இல்லை என்று பதில் வந்தது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேர் அந்தப் பக்கம் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இந்தப் பக்கம் இலங்கைக்கு என்று பிரித்தது. அதற்குப் பிறகும் மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்கூட ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. என் தாத்தா செத்தபோது அவருடைய தகரப் பெட்டியில் வேட்டி இரண்டுதான் இருந்தது, மற்றதெல்லாம் கடதாசி. எது தேவை, எது தேவையில்லை என்று அவருக்குத் தெரியாது. அதனால் கடைச் சிட்டையைக்கூட அவர் எறியவில்லை.

நான் பேஸ்புக்கில் எழுதத் தொடங்கியது எழுத்தாசையால் இல்லை. ஒரே பதிலை ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லித் தொண்டை கட்டியதால்தான். ஈ.பி.எப். எடுக்கப் போன ஒரு பாட்டி மூன்றாவது தடவையும் திரும்பி வந்தார். தோட்டத்துப் பதிவில் செல்லாயி, பிறப்புச் சான்றிதழில் செல்லம்மா, அடையாள அட்டையில் இரண்டும் இல்லாமல் செல்லம்மாள். ஆபிஸில் இங்கிலீசில் எழுதியது, பதிவுக் கந்தோரில் சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்குத் திரும்பும்போது ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து குறையும். மூன்று பேரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு இரண்டு தடவை பஸ் காசு மிஞ்சியிருக்கும். அன்று இரவு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு வந்து, என்னென்ன கடதாசி, எத்தனை கொப்பி, எந்தக் கந்தோர், யாரிடம் கையெழுத்து என்று எழுதிப் போட்டேன். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அடையாள அட்டை விண்ணப்பத்தில் தோட்டத்துத் துரையே உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கலாம் என்பதை அடுத்த நாள் எழுதினேன். கொழும்பில் கடைகளில் நிற்கும் எங்கள் பிள்ளைகள் அதை வாசித்துவிட்டு, போனில் அம்மாமாருக்குச் சொன்னார்கள். அப்படித்தான் பரவியது.

முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் நீயே சும்மா எழுதிப் போட்டா நம்ம கடைக்கு எவன் வருவான்?" என்றார். ஆனால் கூட்டம் கூடத்தான் செய்தது. வாசித்தவர்கள் எல்லாக் கடதாசியோடும் நேரே வந்தார்கள். முன்பு அரை மணித்தியாலம் எடுத்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

பிழை விட்டால் விட மாட்டார்கள். "அக்கா, அந்தப் படிவம் மாறிருச்சு", "நுவரெலியாவில ரெண்டு கொப்பி கேக்கிறாங்க, நீங்க ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க" என்று கீழே எழுதுவார்கள். நானும் உடனே திருத்துவேன். உண்மையில் பாதிக்கு மேல் அவர்கள் எழுதியதுதான்.

அப்புறம் ஒரு நாள் கொழும்பிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. சமூக ஊடகங்களில் எழுதுகிறவர்களுக்கு விருது கொடுக்கிறார்களாம், தமிழ்ப் பிரிவில் என் பெயரை யாரோ அனுப்பியிருக்கிறார்களாம். லொத்தர் விழுந்திருக்கிறது என்று வருமே, அந்த மாதிரி என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு போன் வந்தது. உண்மைதான், ஆனால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள்.

அந்தப் படிவத்தை என்னால் நிரப்ப முடியவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். எல்லாம் இங்கிலீஷ் என்பது ஒரு பக்கம். உங்களைப் பற்றி 300 சொற்களில் எழுதுங்கள் என்று கேட்ட இடத்தில் கை ஓடவில்லை. கடைக்குப் பிரின்ட் எடுக்க வரும் ஏ.எல். படிக்கிற தம்பி ஒருவன்தான், "நகருங்க அக்கா" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனேன். நான் மற்றவர்களிடம் கேட்கிற மாதிரியே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்.

"நிரந்தர முகவரி?"

தோட்டத்துப் பெயர், டிவிசன், தலவாக்கலை என்றேன்.

"வீட்டு நம்பர்?"

லயத்தில் எங்கள் காம்பிராவுக்கு நம்பர் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபிஸுக்கு வரும். அங்கிருந்து எப்போது யார் கையில் வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். இது அவனுக்கும் தெரியும், அவனும் லயத்துப் பிள்ளைதான். ஆனாலும் அந்தப் பெட்டியை வெற்றாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. பூச்சியம் என்று போட்டான்.

"தொழில்?"

"டைப்பிஸ்ட்னு போடு தம்பி."

"டைப்பிஸ்ட்னு போட்டா அவார்ட் தர மாட்டாங்க அக்கா. கொன்டன்ட் கிரியேட்டர்னு போடுறேன்."

சரி என்றேன்.

விழா ஒரு பெரிய ஹோட்டலில். புறக்கோட்டையில் துணிக் கடையில் நிற்கும் என் தம்பி துணைக்கு வந்தான். மார்கழிக் குளிரில் பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள் நான், அந்த மண்டபத்து ஏ.சி.யில் நடுங்கிப்போனேன். ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் ஒரு சின்ன வீடியோ போட்டார்கள். தமிழ்ப் பிரிவில் மலைநாடு என்று வந்ததும் கொழுந்தெடுக்கும் பெண்கள். முதுகில் கூடை, நெற்றியில் பொட்டு, வாய் நிறையச் சிரிப்பு. கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கும் என் படத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அது வரவில்லை. என் அம்மா முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு, மழையில் மலையேறும்போது அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்து, பெரிய திரையில் விருதின் பெயர் வந்தது. தமிழில் வரவில்லை. கே, ஐ, வை, ஏ, எஃப், கே, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக, ஆளுயரத்துக்குப் பெரிதாக நின்றது. கீழே இன்னும் இரண்டு வரி அதே மாதிரி. அறிவிப்பாளர் கையிலிருந்த அட்டையைப் புரட்டினார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"என்னக்கா இது?" என்றான் தம்பி.

"மலையகம்" என்றேன்.

டைப் அடிக்கிறவர்களுக்கு இது விளங்கும். யூனிகோட் வருவதற்கு முன்பிருந்தே நாங்கள் அடித்துப் பழகிய எழுத்துரு பாமினி. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழைப் போர்த்தி வைத்த மாதிரி அது. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் போர்வை கழன்றுபோகும். கே அடித்தால் ம, ஐயும் வையும் சேர்ந்தால் லை, ஏ என்றால் ய, எஃப் என்றால் க, கே அடித்து அரைப்புள்ளி போட்டால் ம். ஒன்பது வருடம் அந்த விசைகளில் கிடந்த விரலுக்கு அது தமிழ்தான். முந்தின நாள் ஒரு தமிழ் ஆளிடம் காட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. யாரும் காட்டவில்லை.

மூன்றாவது வரியையும் வாசித்தேன். அது என் பெயர். அதனால் அறிவிப்பாளர் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டேன். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு, யார் இந்தப் பெண், ஏன் எழும்புகிறாள் என்றுதான் இருந்திருக்கும்.

மேடையில் ஒரு நிமிடம் பேசலாம் என்றார்கள். எழுதி வைத்திருந்த துண்டு கைப்பையோடு தம்பியிடம் போய்விட்டது. நன்றி சொன்னேன். அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல், "ஈ.பி.எப். எடுக்கப் போறவங்க மொதல்ல அடையாள அட்டையிலயும் தோட்டத்துப் பதிவுலயும் பேர் ஒண்ணா இருக்கான்னு பாருங்க" என்றேன். கைதட்டினார்கள். அந்த மண்டபத்தில் ஈ.பி.எப். எடுக்கப் போகிறவர் ஒருவராவது இருந்தாரா தெரியாது.

நைட் மெயிலில் திரும்பினோம். கண்ணாடியில் செய்த விருது, கல் மாதிரி கனம். மடியில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு எதிர் சீட் அம்மா, "ஸ்போர்ட்ஸ்ல குடுத்ததா மகள்?" என்று கேட்டார். ஆமாம் என்றுவிட்டேன். நாவலப்பிட்டி தாண்டி ரயில் மலை ஏறத் தொடங்கியபோது போன் ஓயாமல் அடித்தது, வாழ்த்துக்கு மேல் வாழ்த்து. ஹட்டன் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போனதும் சிக்னல் போனது. வெளியே வந்ததும் மறுபடி கொட்டியது. பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. விருதுக்கு அடுத்த வாரம் ஈ.பி.எப். பற்றி மறுபடி எழுதினேன். கொஞ்சம் நல்ல தமிழில், கொழும்புக்காரர்களும் வாசிப்பார்கள் என்ற நினைப்பில். 55 வயதானால் எடுக்கலாம் என்று போட்டேன். 55 ஆண்களுக்கு. வேலையை விட்ட பெண்கள் 50 வயதிலேயே எடுக்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், ஆயிரம் தடவை சொன்னது. அழகாக எழுதுகிற அவசரத்தில் விட்டுப்போச்சு. முன்பென்றால் அரை மணித்தியாலத்தில் யாராவது கீழே வந்து பிடித்திருப்பார்கள். இந்தத் தடவை ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் பூவும் கைதட்டலும் போட்டுவிட்டுப் போனார்கள். அவார்ட் வாங்கின பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருக்கிறார்கள். நானாகக் கண்டுபிடித்துத் திருத்தியபோது நாலு மாதம் போயிருந்தது.

திருத்திய சில நாளில் ஒரு அம்மா மகளோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டையை வாங்கியதும் கணக்குப் போட்டேன், 52 வயது. முழங்கால் வலியால் ஒரு வருடத்துக்கு முன்பே வேலையை விட்டிருக்கிறார். "இன்னும் மூணு வருஷம் இருக்குன்னு பேஸ்புக்குல போட்டிருந்தாங்கம்மா, அதான் வரல. இப்ப மாத்திப் போட்டிருக்காங்க" என்றாள் மகள். யார் போட்டது என்று அவளுக்குத் தெரியும். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் அவள் "போட்டிருந்தாங்க" என்றாள்.

"நான்தான்மா எழுதினேன். பிழையா எழுதிட்டேன்" என்றேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நாலு மாசம் கடைக்கடன்லதான் ஓட்டுனோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொன்னார். பிறகு சிலிசிலி பையைத் திறந்து கடதாசிகளை மேசையில் வைத்தார். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. முதலாளி பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, சந்தை நாளில், கடை நிறைந்த நேரத்தில் தனியாக வந்தார். போனை நீட்டினார். பேங்கிலிருந்து வந்த மெசேஜ், இங்கிலீஷில். நான் வாயைத் திறந்ததும் "மெதுவா, மெதுவா" என்று மேசைக்கு மேலால் குனிந்தார். தொகையைக் காதோடு சொன்னேன்.

"இன்னொருக்கா வாசி புள்ள."

இலக்கம் இலக்கமாக விரலை வைத்து வாசித்தேன்.